ஸ்டென்ட் வைத்த இடம் ஆறுவது எப்படி?

மணிக்கட்டில் ஒரு சிறிய பிளாஸ்டர். ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு வீடு திரும்புகிறவரிடம் வெளியில் தெரியும் காயம் பெரும்பாலும் அவ்வளவுதான். நெஞ்சில் தையல் இல்லை. ஓரிரு நாளில் நடமாடத் தொடங்கிவிடுகிறார். பார்க்க வரும் உறவினர்கள், "அடைப்பை எடுத்தாச்சு, இனி ஒரு கவலையும் இல்லை" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அதில் ஒரு திருத்தம் தேவை. அடைப்பை யாரும் எடுக்கவில்லை. கொலஸ்ட்ராலும் சுண்ணாம்பும் இறந்த செல்களும் சேர்ந்து பல ஆண்டுகளாகக் குழாயின் சுவருக்குள் உருவான மேடு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பலூன் அதை நசுக்கி ஓரம் தள்ளியிருக்கிறது. மீண்டும் சரிந்து வராமல் ஓர் உலோக வலைக்குழாய் முட்டுக்கொடுத்து நிற்கிறது. இரத்தம் ஓட வழி கிடைத்தது பெரிய காரியம். மாரடைப்பு நேரத்தில் அதுதான் உயிரைக் காக்கிறது. ஆனால் வழி கிடைத்த அதே நொடியில் அந்தச் சுவரில் ஒரு புதுக்காயமும் உண்டாகிவிட்டது. அந்தக் காயம் ஆறும் விதத்தைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். உங்கள் வீட்டில் யாருக்காவது ஸ்டென்ட் இருந்தால், அவர் ஏன் இத்தனை மாத்திரைகள் விழுங்குகிறார் என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

டயரைவிட ஐந்து மடங்கு

பெட்ரோல் நிலையத்தில் கார் டயருக்குக் காற்று அடிக்கும்போது கருவியில் என்ன எண் வைக்கிறீர்கள்? 220 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். ஸ்டென்டை விரிக்கும் பலூனுக்குள் ஏற்றப்படும் அழுத்தம் சாதாரணமாக 12 வளிமண்டலம், சில வேளைகளில் 16-க்கும் மேல். கிலோபாஸ்கலில் சொன்னால் 1,200-ஐத் தாண்டிவிடும். உள்ளே செலுத்துவது காற்றில்லை, எக்ஸ்ரேயில் தெரிவதற்கான மருந்து கலந்த திரவம். இத்தனை அழுத்தமும் 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஓர் இருதயத் தமனியின் சுவரில் விழுகிறது.

அந்தச் சுவரின் உட்புறத்தில் எண்டோதீலியம் என்ற படலம் இருக்கிறது. ஒரே ஒரு செல் தடிமன்தான். ஆனால் வேலைக்குக் குறைவில்லை. நைட்ரிக் ஆக்ஸைடு, புரோஸ்டாசைக்ளின் போன்றவற்றை அது ஓயாமல் சுரப்பதால்தான் ஓடும் இரத்தம் குழாய்ச் சுவரில் ஒட்டாமல் ஓடுகிறது. பலூன் விரியும்போது இந்தப் படலம் உரிந்துபோகிறது. அதன் கீழே உள்ள திசுக்கள் முதன்முறையாக இரத்தத்தை நேருக்கு நேர் சந்திக்கின்றன. உடலுக்கு இது வெட்டுக்காயம் போலத்தான். பிளேட்லெட்டுகள் நிமிடக் கணக்கில் வந்து ஒட்டுகின்றன. அவை விடுக்கும் இரசாயனச் சமிக்ஞைகளைப் பின்பற்றி வெள்ளை அணுக்கள் வருகின்றன. முதலில் நியூட்ரோஃபில்கள், பிறகு மோனோசைட்டுகள்.

எங்கள் படிவம் 4 உயிரியல் பாடத்தில் அழற்சி, உடலின் இரண்டாம் தற்காப்பு வரிசையில் வருகிறது. முதல் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற ரோமானியர் அதன் நான்கு அடையாளங்களை எழுதி வைத்துவிட்டார்: சிவத்தல், வீங்குதல், சூடு, வலி. விரலில் முள் குத்தினால் நான்கையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தமனிக்குள் நடக்கும் அழற்சியில் இவற்றில் எதுவும் உங்களுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இரத்தப் பரிசோதனை வேண்டியிருக்கிறது.

அப்படிப் பார்க்கப்படும் பொருள்களில் ஒன்று சி.ஆர்.பி. என்ற புரதம். 1930-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வகத்தில் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. எங்கோ அழற்சி நடக்கிறது என்று இன்டர்லியூக்கின்-6 என்னும் சமிக்ஞை வந்து சேர்ந்தால், கல்லீரல் இதைத் தயாரித்து இரத்தத்தில் விடும். ஸ்டென்ட் பொருத்திய பிறகு இதன் அளவு ஏறி, ஏறக்குறைய இரண்டாம் நாளில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. இரத்தத்தில் இதன் அரை ஆயுள் 19 மணி நேரம் அளவுதான். உற்பத்தி நின்றால் சில நாள்களில் வடிந்துவிடும். ஆகவே சிகிச்சை முடிந்த கையோடு எடுத்த அறிக்கையில் சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தால் திகைக்க வேண்டியதில்லை. மாரடைப்போடு வந்தவருக்கு இன்னும் அதிகமாகவே இருக்கும், ஏனெனில் அங்கே இருதயத் தசையும் காயம்பட்டிருக்கிறது. வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால்தான் மருத்துவர் கவனிக்க வேண்டிய செய்தி.

தழும்பு எப்படி உருவாகிறது

இரண்டாம் கட்டம் மெதுவானது. மோட்டார் சைக்கிளின் சூடான எக்ஸாஸ்ட் குழாய் கெண்டைக்காலில் பட்டுத் தழும்பான அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சிலருக்கு அது மங்கலான ஒரு கறையாக ஆறும். சிலருக்குத் தடித்து மேலெழும்பி நிற்கும். தமனிக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு. சுவரின் நடு அடுக்கில் இருக்கும் மென்தசைச் செல்கள் சாதாரணமாகச் சுருங்கி விரிவதோடு சரி. காயத்தின் அழைப்பு கிடைத்ததும் அவை குணம் மாறி, உள்பக்கம் நகர்ந்து வந்து, பெருகி, நார்ப்பொருளைச் சுரந்து, ஸ்டென்டின் கம்பிகளை மூடத் தொடங்குகின்றன. மெல்லியதாக மூடினால் நல்லது. அதன்மேல் எண்டோதீலியம் மீண்டும் வளர்ந்து குழாய் பழைய நிலைக்குத் திரும்பும். அளவுக்கு மீறி மூடினால் தழும்பே புது அடைப்பாகிவிடும். கால் தழும்பு தடித்தால் அழகுதான் கெடும். 3 மில்லிமீட்டர் குழாயில் 1 மில்லிமீட்டர் தடித்தால் நெஞ்சு வலி திரும்பி வரும்.

மருத்துவ உலகம் இதைத் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டது. 1977 செப்டம்பரில் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக், விழித்திருந்த 38 வயது நோயாளி ஒருவருக்குப் பலூன் மட்டும் வைத்து முதன்முதலாக இருதயத் தமனியை விரித்தார். ஸ்டென்ட் அப்போது இல்லை. இந்தச் சிகிச்சை பரவிய பிறகு பார்த்தால், மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேற்பட்டோருக்கு ஆறு மாதத்துக்குள் குழாய் மறுபடி சுருங்கியது. முட்டுக்கொடுத்தால் சுருங்காதே என்ற எண்ணத்தில் 1986-இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புவேலும், சுவிட்சர்லாந்தின் லோசானில் உல்ரிச் சிக்வார்ட்டும் முதல் ஸ்டென்டுகளைப் பொருத்தினார்கள். சுருங்குவது குறைந்தது. தழும்போ கூடியது! பலூன் வந்து போய்விடும். ஸ்டென்ட் வெளியேறாமல் உள்ளேயே தங்கும் அந்நியப் பொருள். எடுக்காமல் விட்ட மரச்சிராயைச் சுற்றிச் சதை எப்படி உறுத்திக்கொண்டே இருக்குமோ, அப்படி வெள்ளை அணுக்கள் கம்பிகளைச் சுற்றிக் கூடாரமடித்தன. பூச்சில்லாத அந்த ஸ்டென்டுகளில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை மீண்டும் குறுகின.

கம்பியின் தடிமனுக்கும் இதில் பங்குண்டு என்பதை 2001-இல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. வடிவமைப்பில் ஒத்த இரு ஸ்டென்டுகள். ஒன்றின் கம்பி 50 மைக்ரோன், மற்றதன் கம்பி 140 மைக்ரோன். மெல்லிய கம்பியில் 15 விழுக்காட்டினருக்கும், தடித்த கம்பியில் 25.8 விழுக்காட்டினருக்கும் குழாய் மீண்டும் குறுகியது. மாணவர்களுக்கு 'ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்று' என்று ஓயாமல் சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. (உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடிக்காதா சார் என்று வகுப்பில் கேட்பவர்களுக்கு: குரோமியம் கலந்த உலோகக் கலவைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். மேற்பரப்பில் படியும் குரோமியம் ஆக்ஸைடு படலம் துருவைத் தடுக்கிறது.)

ஈஸ்டர் தீவின் மண்

தழும்பை அடக்கிய மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964-இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவ ஆய்வுக்குழு பசிபிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவுக்குப் போனது. கல்முகச் சிலைகள் நிற்கும் அதே தீவுதான். திரும்பும்போது அந்தத் தீவின் மண்ணையும் கொண்டுவந்தார்கள். மொன்றியல் நகரில் அயர்ஸ்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில், பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த சுரேன் சேகலும் அவர் குழுவினரும் அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து பூஞ்சையைக் கொல்லும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தீவின் சொந்தப் பெயரான ராபா நூயி என்பதிலிருந்து அதற்கு ராபாமைசின் என்று பெயர் வந்தது. இன்று பரவலாக சிரோலிமஸ் என்கிறோம்.

பூஞ்சை மருந்தாக அது தேறவில்லை. நோய் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அமுக்கிவிட்டது. அந்தக் குறையே பிறகு குணமாயிற்று: 1999-இல், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செல் பிளவுபடத் தயாராகும் கட்டத்திலேயே அதை நிறுத்தி வைப்பது இந்த மருந்தின் இயல்பு. மென்தசைச் செல்கள் பெருகுவதுதானே நம் சிக்கல்? அதே 1999-ஆம் ஆண்டு டிசம்பரில், பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் எடுவார்டோ சோசா, சிரோலிமஸ் பூசிய ஸ்டென்டுகளை முதன்முதலாக மனிதர்களுக்குப் பொருத்தினார். 2002-இல் வெளியான ராவெல் ஆய்வில் 238 பேர் கலந்துகொண்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பூச்சில்லாத ஸ்டென்டில் 26.6 விழுக்காட்டினருக்குக் குழாய் குறுகியிருந்தது. பூசிய ஸ்டென்டில் ஒருவருக்குக்கூட இல்லை.

இன்று நம் நாட்டில் பொருத்தப்படும் ஸ்டென்டுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். எவரோலிமஸ், சோட்டாரோலிமஸ், பயோலிமஸ் என்று மருந்துக் குடும்பம் பெருகியிருக்கிறது. பூச்சின் அளவு மிகச் சொற்பம். எவரோலிமஸ் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் கம்பிப் பரப்புக்கு 100 மைக்ரோகிராம். வாரங்கள், மாதங்கள் எனக் கசிந்து தீர்ந்துவிடும்.

ஆனால் செல் பெருகக் கூடாது என்று தடுக்கும் மருந்து, நல்ல செல் எது, வேண்டாத செல் எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. தழும்போடு சேர்த்து எண்டோதீலியம் வளர்வதையும் தாமதப்படுத்தியது. மருந்தைப் பிடித்து வைத்திருந்த முதல் தலைமுறைப் பாலிமர் பூச்சு சிலருக்கு ஒவ்வாமையையும் கிளப்பியது. மருந்து தீர்ந்த பின்னும் பூச்சு அங்கேயே இருந்து அழற்சியை நீட்டித்தது. படலம் மூடாத கம்பிமேல் ஓர் ஆண்டு கழித்துக்கூட இரத்தம் உறையலாம். இப்படி உறைந்தால் அது திடீர் மாரடைப்பு, உயிரிழப்போரும் பலர். 2006-இல் பார்சிலோனாவில் கூடிய ஐரோப்பிய இருதய மருத்துவர்கள் மாநாட்டில் இது பெரும் புயலைக் கிளப்பியது.

புயலுக்குப் பின் நல்லது நடந்தது. கம்பிகள் 60 முதல் 80 மைக்ரோன் அளவுக்கு, ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமனுக்கு, மெலிந்தன. பூச்சுகள் உடலோடு இணங்கிப் போகும் வகையில் மாறின. சிலவற்றில் பாலிமர் கரைந்தே போய்விடும். நமக்கு அருகில், சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட பயோசென்சர்ஸ் நிறுவனம் பாலிமரே இல்லாமல், உலோகத்தின் சொரசொரப்பான பரப்பிலேயே பயோலிமஸ் மருந்தைப் பதித்து ஒரு ஸ்டென்ட் செய்தது. இரத்தக் கசிவு அபாயம் அதிகமுள்ள 2,466 பேரிடம் அதைச் சோதித்த முடிவு 2015-இல் வெளியானது. இரு தரப்புக்கும் ஒரே ஒரு மாதம்தான் இரட்டை மருந்து. பூச்சில்லாத ஸ்டென்டைவிட அது பாதுகாப்பாகவும் இருந்தது, மறு சிகிச்சைக்கான தேவையையும் குறைத்தது.

இரட்டை மருந்து என்றேன். அதுதான் ஆஸ்பிரினும், அதோடு குளோபிடோக்ரெல் அல்லது டிக்காகிரெலார் போன்ற இன்னொன்றும். எண்டோதீலியம் மூடும் வரை பிளேட்லெட்டுகள் கம்பியில் ஒட்டாமல் காவல் இருப்பது இவைதான். வழக்கமாக, மாரடைப்போடு வந்தவருக்கு ஓர் ஆண்டு, மற்றவர்களுக்கு ஆறு மாதம். கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு மருத்துவர் குறைப்பதுண்டு. அதன் பிறகு ஒரு மருந்து தொடரும். "உடம்பு நல்லா இருக்கு, எதுக்கு இத்தனை மாத்திரை" என்று மூன்றாம் மாதத்தில் தாமாகவே நிறுத்துபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உடம்பு நன்றாக இருப்பதற்கும் அந்தப் படலம் மூடியதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் அழற்சி மாத்திரை போடலாமா?

இங்கேதான் பலர் தவறான பக்கம் திரும்புகிறார்கள். ஸ்டென்ட் வைத்த இடத்தில் அழற்சி. மருந்தகத்தில் அழற்சியைத் தணிக்கும் மாத்திரை கிடைக்கிறது. மூட்டு வலிக்கும் ஆயிற்று, இருதயத்துக்கும் ஆயிற்று என்று கணக்குப் போட்டால், கணக்கு தலைகீழாகிவிடும். டைக்ளோஃபெனாக், ஐபூப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் அழற்சியைக் குறைப்பது உண்மை. கூடவே, குழாய்ச் சுவர் தற்காப்புக்குச் சுரக்கும் புரோஸ்டாசைக்ளினையும் குறைக்கின்றன. டைக்ளோஃபெனாக் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்பதால், இருதய நோயாளிகள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2013-இல் அறிவித்தது. ஐபூப்ரோஃபென் வேறொரு விதத்தில் இடைஞ்சல் செய்யும். பிளேட்லெட்டில் ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தில் அது முன்னதாகவே உட்கார்ந்துகொள்ளும். இடம் கிடைக்காத ஆஸ்பிரின் சிறிது நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். பிறகு ஐபூப்ரோஃபெனும் எழுந்து போய்விடும். பிளேட்லெட் தடையில்லாமல் ஒட்டும் நிலைக்குத் திரும்பும். இவற்றோடு இரட்டை மருந்தும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் ஆபத்து வேறு. முழங்கால் வலித்தால் பாராசிட்டமோல் பற்றி முதலில் கேளுங்கள். மருந்தகத்தில் எந்த வலி மாத்திரை வாங்கினாலும் "எனக்கு ஸ்டென்ட் இருக்கிறது" என்ற மூன்று சொற்களைச் சொல்லிவிடுங்கள்.

மஞ்சளைப் பற்றியும் கேட்பீர்கள். கறியில் போடும் மஞ்சளுக்கு யாரும் தடை சொல்லவில்லை. செறிவூட்டிய மஞ்சள் கேப்ஸ்யூல் வேறு விஷயம். இரத்தம் உறையாமைக்கான மருந்துகளோடு அதைச் சேர்க்கும் முன் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

அழற்சியைக் குறிவைத்தே இருதயத்தைக் காக்க முடியுமா என்ற கேள்வியை விஞ்ஞானிகள் கைவிடவில்லை. 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், ஏற்கனவே மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்த 10,061 பேர் சேர்க்கப்பட்டார்கள். கெனாகினுமாப் என்ற ஊசிமருந்து கொலஸ்ட்ராலைத் தொடவே இல்லை. ஓர் அழற்சிச் சமிக்ஞையை மட்டும் அடைத்தது. 150 மில்லிகிராம் அளவு பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோயால் மரணம் ஆகியவை சேர்ந்து 15 விழுக்காடு குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த இறப்பு எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. காவலாளியைக் கட்டிப்போட்டால் திருடன் வருவான் அல்லவா.

அடுத்து வந்த மருந்து நமக்குச் சற்று நெருக்கமானது. காந்தள் பூ தெரியும்தானே? தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் விதையிலும் கிழங்கிலும் கோல்கிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. விதைக்காகவே திண்டுக்கல், கரூர், திருப்பூர் வட்டாரங்களில் 'கண்வலிக்கிழங்கு' என்ற பெயரில் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். உயிரியல் மாணவர்களுக்கு இந்தப் பெயர் வேறு இடத்தில் அறிமுகமாகியிருக்கும்: விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்க, குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் பொருளும் இதுவே. செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் இது தடுக்கிறது. நுண்குழல் இல்லாவிட்டால் குரோமோசோம்கள் பிரிந்து போக முடியாது. நியூட்ரோஃபிலும் அழற்சி நடக்கும் இடத்துக்கு நகர்ந்து போக முடியாது. கௌட் எனப்படும் மூட்டு நோய்க்கு நெடுங்காலமாக இதைக் கொடுத்து வருகிறார்கள்.

நாளுக்கு 0.5 மில்லிகிராம் என்ற சிறு அளவில் இருதய நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2019-இல் கோல்காட் ஆய்வு: அண்மையில் மாரடைப்பு வந்த 4,745 பேர்; பெரும்பாலோர் ஸ்டென்ட் சிகிச்சை பெற்றவர்கள். பாதிப்புகள் 7.1 விழுக்காட்டிலிருந்து 5.5-க்குக் குறைந்தன. 2020-இல் நிலையான இருதய நோயுள்ள 5,522 பேரிடம் இன்னும் நல்ல முடிவு. 2023-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கதை முடிந்தது என்று நினைத்திருந்தபோது, 2024-இல் மாரடைப்புக்காகச் சிகிச்சை பெற்ற 7,062 பேரிடம் நடந்த ஆய்வு, 9.1-க்கும் 9.3-க்கும் வித்தியாசம் இல்லை என்று கைவிரித்தது. என் கணிப்பில் இது எல்லா ஸ்டென்ட் நோயாளிக்கும் உரிய மருந்தாக வராது. சிலருக்குப் பலன் தரலாம், அவர்கள் யார் என்று பிரித்தறிவதுதான் மிச்சமுள்ள வேலை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக் எடுப்பவர்களுக்கும் கோல்கிசின் ஆபத்தானது. காந்தள் கிழங்கை வீட்டில் அரைத்துக் குடிக்கும் யோசனை யாருக்கும் வேண்டாம். அது உயிரைக் கொல்லும்.

இப்போதைக்கு அழற்சியைக் குறைப்பதில் நிரூபணமான சாதாரண வழிகள் ஏற்கனவே உங்கள் மாத்திரைப் பெட்டியிலும் வீட்டிலும் இருக்கின்றன. கொலஸ்ட்ராலுக்காகக் கொடுக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சி.ஆர்.பி. அளவையும் இறக்குகிறது. சிகரெட்டை விட்டால் அழற்சி தணிகிறது. இனிப்புநீர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஸ்டென்டுக்குள் தழும்பு தடிக்கும் வாய்ப்பு அதிகம். மலேசியாவில் இந்நோயின் விகிதம் இந்தியர்களிடையேதான் கூடுதலாக உள்ளது என்பதால் இது நம்மை நேராகவே தொடுகிறது.

ஸ்டென்ட் பொருத்தியதும் மருத்துவமனையில் ஒரு சிறு அட்டை கொடுப்பார்கள். எந்த வகை, என்ன அளவு, எந்தத் தேதி, எந்தத் தமனி என்று அதில் இருக்கும். பணப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கவோ வேறு அறுவை சிகிச்சைக்கோ போகும்போது "இரத்த மாத்திரையை ஒரு வாரம் நிறுத்துங்கள்" என்று யாராவது சொன்னால், அந்த அட்டையைக் காட்டி, முதலில் இருதய மருத்துவரிடம் பேசிவிட்டுச் சொல்லுமாறு கேளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்திலும் அதே அட்டைதான் கேட்பார்கள்.